வால்வு ரேடியோ பாடவில்லையா? எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

பரணிலிருந்து இறக்கிய ரேடியோவைத் தூசி தட்டியதும் பிளக்கில் சொருகிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். நன்றாக இருந்த பவர் டிரான்ஸ்பார்மர் எத்தனையோ அப்படித்தான் எரிந்து போயிருக்கின்றன. ஐம்பது அறுபதுகளின் மரப்பெட்டி செட்டு, பெரிய ரேடியோகிராம் எதுவாக இருந்தாலும் கொண்டுவருகிறவர் முதலில் சொல்வது "வால்வு போயிருக்கும் சார்" என்பதுதான். திறந்து பார்த்தால் வால்வு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், போயிருப்பது பத்து இருபது ரூபாய் கண்டன்சர் (கெப்பாசிட்டர்). அதனால் கீழே எந்தக் கோளாறிலும் வால்வைக் கடைசியில்தான் சந்தேகப்படுகிறேன்.

சொருகும் முன்

வால்வின் மேல் அச்சிட்ட முதல் எழுத்தைப் பாருங்கள். ஈசிஎச்81, ஈபிஎஃப்89, ஈஎல்84 என்று 'ஈ'யில் தொடங்கினால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் உள்ள ஏசி செட்டு. யுசிஎச்81, யுசிஎல்82, யுஒய்85 என்று 'யு'வில் தொடங்கினால் ஏசி-டிசி செட்டு. சில நகரங்களில் டிசி கரண்ட் இருந்த காலத்தில் இரண்டிலும் ஓடட்டும் என்று செய்தது, அதில் சாசியே (எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டு) நேரடியாகக் கரண்டில் இருக்கும். டிகே96, டிஎல்96 என்று 'டி'யில் தொடங்கினால் அது பேட்டரி செட்டு. கரண்ட் வராத ஊர்களுக்காக 1.4 வோல்ட் ஃபிலமெண்டும் 90 வோல்ட் பேட்டரியுமாக வந்தது. அதைச் சுவர் பிளக்கில் கொடுத்தால் எல்லா வால்வும் கண் சிமிட்டும் நேரத்தில் காலி, அவற்றுக்கு மாற்றும் சுலபத்தில் கிடைக்காது.

எழுத்தை மட்டும் நம்பவும் கூடாது, 'ஈ' வால்வு போட்டு, மெயின் கரண்டிலிருந்து பிரிக்காத ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வைத்த செட்டுகளும் உண்டு. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ரேடியோ ஸ்விட்சை ஆனில் போட்டு, பிளக்கின் ஒவ்வொரு காலுக்கும் சாசிக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் அளங்கள். எந்தக் காலிலாவது சில நூறு ஓமோ அதற்குக் கீழோ காட்டினால் சாசி கரண்டில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட செட்டை, மெயின் கரண்டிலிருந்து பிரித்துக் கொடுக்கும் 230க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் திறந்து வேலை செய்யாதீர்கள், அது இல்லையென்றால் இந்த இடத்திலேயே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். வால்யூம் குமிழின் திருகாணி விரலில் பட்டாலே போதும், ஷாக் அடித்துவிடும்.

அப்புறம் பின்பக்கம் உள்ள வோல்டேஜ் தட்டு 110லோ 127லோ நிற்கிறதா என்று பார்த்து 240 அல்லது 245க்கு மாற்றுங்கள். எலி கடித்த ரப்பர் வயர், இற்று உதிரும் மெயின் கார்டு இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டு அதன் வழியாக மட்டும் கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, பழைய ஃபிலமெண்ட் பல்பேதான் வேண்டும். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உள்ளுக்குள்ளேயே பொறி அடித்துப் போய்விடும். அணைத்த பிறகும் கண்டன்சரில் 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். 5 வாட் 1 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸை, வெறும் கை படாதபடி மேலுறை போட்ட கம்பியில் பிடித்து, கொஞ்ச நேரம் குறுக்கே வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் ஒருமுறை பார்த்த பிறகே தொடுங்கள்.

சீரிஸ் பல்பு முழு வெளிச்சத்தில் எரிகிறது

போட்டதும் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, குளிர்ந்த ஃபிலமெண்ட் அப்படித்தான் இழுக்கும். முழு வெளிச்சத்திலேயே நின்றால் ஷார்ட்.

ஏசி செட்டில் முதலில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வைப் பிடுங்குங்கள், வழக்கமாக ஈஸெட்80 அல்லது ஈஸெட்81. பல்பு மங்கிவிட்டால் டிரான்ஸ்பார்மர் தப்பித்தது. அந்த டிசியைச் சமப்படுத்தும் ஃபில்டர் கண்டன்சர் ஷார்ட், இல்லையேல் அந்த ரெக்டிஃபையரே உள்ளுக்குள் ஒட்டியிருக்கிறது. வால்வைப் பிடுங்கியும் எரிந்தால், கரண்ட் நுழையும் இடத்தில் இரண்டு வயருக்கும் குறுக்கே போட்டிருக்கும் சின்ன கண்டன்சரின் ஒரு காலை எடுத்துவிட்டுப் பாருங்கள், அதிலேயே பல சமயம் முடிந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் டயல் பல்பு வயர், ஃபிலமெண்ட் வயர் எங்காவது சாசியில் உரசுகிறதா பாருங்கள். எல்லாவற்றையும் கழற்றி வெறும் பிரைமரி மட்டும் மிஞ்சிய பிறகும் பல்பு எரிந்தால் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. மறுபடி காயில் சுற்றுகிறவரிடம்தான் போக வேண்டும். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சுற்றெண்ணிக்கையை அதிலிருந்துதான் எண்ணுவார்.

ஒன்றுமே எரியவில்லை

பிளக், கார்டு, ஃப்யூஸ், வால்யூம் கண்ட்ரோலோடு சேர்ந்த ஸ்விட்ச், வோல்டேஜ் தட்டின் திருகு. இந்த வரிசையிலேயே பாருங்கள், ஸ்விட்சைத் தாண்டிப் போக வேண்டியதே அநேகமாக வராது.

'யு' செட்டில் மட்டும் கதை வேறு. கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி எல்லா ஃபிலமெண்டும் ஒரே சரத்தில் இருப்பதால் ஒன்று அறுந்தால் மொத்தமும் இருட்டு. வால்வை ஒவ்வொன்றாகக் கழற்றி 4, 5ஆம் கால்களுக்கு நடுவே ஓம் பாருங்கள், காட்டாததுதான் குற்றவாளி. எல்லாம் காட்டினால் பெரிய டிராப்பர் ரெசிஸ்டன்ஸ் அறுந்திருக்கும். யுசிஎச்81, யுபிஎஃப்89, யுசிஎல்82, யுஒய்85 நாலும் போட்ட செட்டில் 230 வோல்ட்டில் சரத்துக்கு 126 வோல்ட் போக மீதி 104ஐ 100 மில்லி ஆம்பியரில் அதுதான் தாங்குகிறது, அதாவது ஏறக்குறைய 1,000 ஓம், பத்து வாட்டுக்கு மேல் சூடு. 20 வாட்டுக்குக் குறைந்ததைப் போடாதீர்கள், பிளாஸ்டிக் எதன் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

வால்வு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

ரேடியோகிராம் என்றால் முதலில் பேண்ட் ஸ்விட்ச் கிராம் நிலையில் நிற்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காக ஆட்டோ வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

பிறகு முதல் ஃபில்டர் கண்டன்சரில் டிசி அளங்கள்.

வோல்டேஜே இல்லை: ரெக்டிஃபையர் வால்வு, அல்லது அதன் 3ஆம் காலிலிருந்து கண்டன்சருக்குப் போகும் வயர்.

வழக்கமான 250-280 இருக்கிறது: அவுட்புட் வால்வுக்குப் போங்கள். ஈஎல்84இல் 9ஆம் காலில் (ஸ்கிரீன்) வோல்டேஜ் இருந்து 7ஆம் காலில் (பிளேட்) இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி அறுந்துவிட்டது, கண்ணாடிக்குள் ஸ்கிரீன் கம்பி சிவப்பாகத் தெரிவதும் அதற்கு அடையாளம், பார்த்தவுடன் அணையுங்கள். நம் கடலோர ஊர்களில் இது சகஜம். முடி போன்ற செம்புக் கம்பியில் பச்சை பூத்து அறுந்துவிடும். அணைத்து, வடித்து, ஓம் பார்த்தால் சில நூறு காட்ட வேண்டும். ஈஎல்84க்கு 5 கிலோ ஓமுக்கு 4 ஓம் என்று சொல்லிச் சுற்றி வாங்கலாம், ஆனால் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

வோல்டேஜ் வழக்கத்தைவிட எகிறி நிற்கிறது: அவுட்புட் வால்வு கரண்ட் இழுக்கவில்லை. அதன் கேதோடு (3ஆம் கால்) ரெசிஸ்டன்ஸ் அறுந்திருக்கும், அதுவும் சரியென்றால் வால்வு.

எல்லா வோல்டேஜும் ஒழுங்காக இருந்தால், சாசி கரண்டில் இல்லாத செட்டில் மட்டும், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரின் இரும்புக் கம்பியில் விரல் வைத்து, அதன் முனையால் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலைத் தொடுங்கள். இன்னொரு கை பைக்குள் இருக்கட்டும், அந்தக் காலில் டிசி இல்லையென்று முன்பே மீட்டரில் பார்த்துவிடுங்கள். 'புர்ர்' என்று கேட்டால் ஆடியோ பக்கம் நன்றாக இருக்கிறது, ஸ்டேஷன் எடுக்காத பகுதிக்குப் போய்விடுங்கள். ஸ்பீக்கர் வரைக்கும் ஒன்றுமே வரவில்லை என்றால் முன் ஆடியோ வால்வின் பிளேட்டுக்குப் போகும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ்.

உர்ர் என்ற உறுமல்

வால்யூமை முழுக்கக் குறைத்தும் அதே அளவு உறுமினால் ஃபில்டர் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர். யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். பெரிய அலுமினிய டப்பாவை அழகுக்கு அப்படியே விட்டு, அதன் வயர்களைப் பிரித்து, அடியில் புது கண்டன்சரை வையுங்கள். 450 வோல்ட், 33 அல்லது 47 மைக்ரோஃபாரட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் எந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். பெரிதாகப் போட்டால் நல்லது என்று 100, 220 என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். ஈஸெட்80க்கு முதல் கண்டன்சர் 50க்கு மேல் போகக் கூடாது, போனால் ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் அந்த வால்வைச் சாகடிக்கிறீர்கள். பழையதைக் கழற்றாமல் புதியதை அதன் மேலேயே பற்ற வைக்கும் பழக்கமும் வேண்டாம், கசிகிற கண்டன்சர் கசிந்துகொண்டேதான் இருக்கும். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும்.

வால்யூமோடு சேர்ந்து உறுமலும் ஏறி இறங்கினால் வால்யூம் கண்ட்ரோலின் எர்த், அங்கே போகும் ஷீல்டு வயரின் உறை, கடைசியாக முதல் ஆடியோ வால்வு. ஸ்டேஷன் மேல் நிற்கும்போது மட்டும் உறுமினால் முதலில் வீட்டில் உள்ள சார்ஜர், எல்இடி விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள், ரேடியோவிலேயே குற்றம் இல்லாமலும் போகலாம்.

பாடுகிறது, ஆனால் குரல் உடைகிறது; கொஞ்ச நேரத்தில் சூட்டு வாசனை

இது ஒன்றை மட்டும் படித்தாலும் போதும் என்பேன், என்னிடம் வருவதில் மிக அதிகம் இதுதான். முதல் ஆடியோ வால்வின் பிளேட்டிலிருந்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டன்சர். சாசியைக் கவிழ்த்தால் கண்ணில் படும்: பீடித் துண்டு அளவில் பழுப்புக் குழாய், நுனியில் மெழுகு உருகி வழிந்து டேக் போர்டில் சொட்டி உறைந்திருக்கும், சிலதில் அந்த மெழுகுக்குள் ஒரு கொசுவோ கரப்பான் காலோ கூட மாட்டியிருக்கும், அச்சிட்ட 0.01 பாதி அழிந்திருக்கும். உள்ளே காகிதம். இத்தனை வருஷ ஈரம் குடித்த காகிதம் டிசியைத் தடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விட, அவுட்புட் வால்வின் கிரிட் பிளஸ் ஆகி வால்வு அளவுக்கு மேல் இழுக்கிறது. குரல் உடையும், பிளேட் சிவக்கும், விட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர், ரெக்டிஃபையர், பவர் டிரான்ஸ்பார்மர் மூன்றும் வரிசையாகப் போகும்.

ஈஎல்84இல் 2ஆம் காலுக்கும் (கிரிட்) சாசிக்கும் டிசி அளங்கள், டிஜிட்டல் மீட்டராக இருக்கட்டும். பூஜ்யமோ துளி மைனஸோ காட்டினால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் பிளஸ் காட்டினாலும் விடாதீர்கள். அணைத்து, வடித்து, கண்டன்சரின் ஒரு காலை எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். பிளஸ் போய்விட்டால் கண்டன்சர்தான். போகாமல் சூடேறச் சூடேற வளர்ந்தால் இந்த ஒரு முறை வால்வே குற்றவாளி, உள்ளே வெற்றிடம் கெட்டிருக்கும். அதே வால்வின் 3ஆம் காலில் ஏறக்குறைய 7 வோல்ட் இருக்க வேண்டும், 10, 12 என்று ஏறினால் மிகையாக இழுக்கிறது.

மாற்றாக 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியஸ்டர் கண்டன்சர். ஒன்று போயிருந்தால் கூடப்பிறந்த மெழுகுக் குழாய் அத்தனையும் அதே கதிதான், ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாருங்கள், மொத்தமாகப் பிடுங்கிவிட்டு எது எங்கே என்று முழிக்காதீர்கள். ஐ.எஃப். (இடைநிலை அலைவரிசை) டப்பாவுக்குள் இருக்கும் மைக்கா கண்டன்சர்களைத் தொடாதீர்கள், அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

ஸ்டேஷன் எடுக்கவில்லை, அல்லது மிக மெல்லக் கேட்கிறது

முதலில் ஏரியல். பழைய செட்டுகள் பலவற்றில் உள்ளேயே ஏரியலாக வேலை செய்யும் ஃபெரைட் கம்பி கிடையாது. மொட்டை மாடியில் பத்து மீட்டர் கம்பி கட்டி எர்த்தும் கொடுத்தால் பாதி "ரிப்பேர்" அங்கேயே முடியும்.

இரண்டாவது, அந்த இடத்தில் ஸ்டேஷன் இருக்கிறதா? மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக மூடிவருகிறார்கள், சிலவற்றை டிஜிட்டலாக்கியும் இருக்கிறார்கள். ஒரு இடத்தில் மேஜிக் கண் (ஸ்டேஷன் பலத்தைப் பச்சை வெளிச்சத்தில் காட்டும் வால்வு) நன்றாக மூடுகிறது, ஆனால் பேச்சு பாட்டு இல்லாமல் ஒரே சீறல் என்றால் அது டிஜிட்டல் ஒலிபரப்பு, உங்கள் செட்டு சரியாகத்தான் இருக்கிறது. டயலில் மீட்டர் கணக்கு மட்டும் போட்டிருந்தால் 3,00,000ஐ மீட்டரால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ் வந்துவிடும், சென்னையின் 720 என்பது 417 மீட்டர் பக்கம். சோதிப்பதை இரவில் வையுங்கள், இருட்டிய பிறகுதான் மீடியம் வேவ் தூரத்திலிருந்து வரும்.

எதுவுமே எடுக்கவில்லை, ஆடியோ மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் ஆஸிலேட்டர் (செட்டுக்குள்ளேயே அலை உண்டாக்கும் பகுதி) ஓடுகிறதா பார்க்க மீட்டரே வேண்டாம். பக்கத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை வைத்து, வால்வு ரேடியோவை 600இல் நிறுத்தி, டிரான்சிஸ்டரை 1055ஐச் சுற்றித் திருப்புங்கள். விசிலோ திடீர் அமைதியோ கேட்டால் ஓடுகிறது. (செட்டின் ஐ.எஃப். 455 இல்லாமல் 452, 470 என்று இருந்தால் கொஞ்சம் தள்ளிக் கேட்கும்.) கேட்கவில்லை என்றால் பேண்ட் ஸ்விட்சுக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது முறை திருப்புங்கள், கருத்த வெள்ளிக் காண்டாக்ட்தான் அநேகமாக. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் வைத்தியம் வேண்டாம், தூசி ஒட்டிப் பிசுக்காகிவிடும். அதற்குப் பிறகே ஈசிஎச்81ஐ மாற்றிப் பாருங்கள். 700க்கு மேல் எடுத்து, கீழே சத்தமில்லாமல் செத்துப்போகும் செட்டுக்கும், மாலையில் வோல்டேஜ் இறங்கினால் நின்றுவிடும் செட்டுக்கும் இந்த வால்வுதான் வழக்கமான காரணம்.

எல்லா ஸ்டேஷனும் வருகிறது, ஆனால் மெல்ல: ஈசிஎச்81, ஈபிஎஃப்89 இரண்டிலும் 1ஆம் காலில் 80-100 வோல்ட் வரவேண்டும். 20, 30 என்று காட்டினால் அங்குள்ள ரெசிஸ்டன்ஸ் மதிப்பு ஏறியிருக்கிறது, அல்லது கூட இருக்கும் கண்டன்சர் கசிகிறது. பலமான ஸ்டேஷன் மட்டும் பிசிறடித்தால் ஏ.வி.சி. (ஒலியளவைத் தானாகச் சமப்படுத்தும் பகுதி) கண்டன்சர்.

ஐ.எஃப். டப்பாக்களின் திருகை மட்டும் திருப்பாதீர்கள். மேலே மெழுகு உடையாமல் இருந்தால் அது கம்பெனியில் வைத்தபடியே இருக்கிறது, கெட்டுப்போக அதற்குக் காரணமே இல்லை. யாரோ ஏற்கெனவே திருகியிருந்தால் சிக்னல் ஜெனரேட்டர் வைத்திருக்கும் பழைய மெக்கானிக்கிடம் கொடுங்கள். காதால் பிடித்துவிடுவேன் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

தட்டினால் பாடுகிறது, இல்லையேல் கரகரப்பு

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் வால்யூம் கண்ட்ரோலுக்குள் கிளீனர். டயலில் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் என்றால் ஸ்டேஷன் மாற்றும் கேங் கண்டன்சரின் தகடுகள் உரசுகின்றன. அஞ்சலட்டைத் துண்டை நடுவில் விட்டுத் தூசி எடுங்கள், வளைந்த தகட்டை நகத்தால் மெல்ல நகர்த்துங்கள். மற்றதற்கெல்லாம் மரப் பென்சிலால் ஒவ்வொரு வால்வாகத் தட்டிக்கொண்டே போனால் இடம் பிடிபடும். கால்களைத் தேய்த்துத் திரும்பச் சொருகினால் பாதி சரியாகும், மீதி சால்டரிங் விட்டுப்போனது.

ரேடியோகிராமில் ரெக்கார்டு மட்டும் பாடவில்லை

ரேடியோ நன்றாகப் பாடினால் ஆம்ப்ளிஃபையரை நோண்டாதீர்கள், கார்ட்ரிட்ஜ் செத்திருக்கிறது. அந்தக் கால கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜில் இருப்பது ஒருவகை உப்புப் படிகம், நம் வெக்கையும் ஈரமும் அதைக் கரைத்துவிடும். அதே அளவு செராமிக் கார்ட்ரிட்ஜ் போட்டால் போதும். தட்டு மெதுவாகச் சுற்றினால் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் இறுகியிருக்கும். மோட்டாரில் எண்ணெய் காய்ந்திருக்கும், தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.

முள் நகரவில்லை, கண் எரியவில்லை

டயல் கயிற்றைப் பிரிக்கும் முன் எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடி நைலான் வழுக்கும், பின்னல் கயிறுதான் பிடிக்கும். மேஜிக் கண் மங்கியிருந்தால் அதன் சாக்கெட்டை ஒட்டியிருக்கும் ரெசிஸ்டன்ஸை ஒருமுறை அளந்து பாருங்கள். அது சரியாக இருந்தால் கண்ணின் பச்சைப் பூச்சு தேய்ந்துவிட்டது. புதுசு விலை அதிகம், ரேடியோ பாடுவதற்கு அது தேவையும் இல்லை. ஸ்பீக்கர் கோன் கிழிந்திருந்தால் சின்ன கிழிசலுக்கு டிஷ்யூ காகிதமும் நீர்த்த ஃபெவிகாலும் போதும், வாய்ஸ் காயில் உரசினால் ரீகோனிங் கடை.